பித்தமும் பழியும்

(ஸ்ரீமுஷ்ணத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சில ஆண்டுகளுக்கு முன் குடும்ப வழக்கொன்று நம்மனோர் சிலர் முன் வந்தது. மகப்பேறுற்று இரண்டு திங்களே ஆன ஒரு பெண் உறங்காது அழுகின்றாள், எதிர்த்துப் பேசுகின்றாள்; ஆதலின் அவள் பைத்தியம் என்றனர் புக்ககத்தார். அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்புமாறு முடிவு எழுதப்பட்டது. கையெழுத்திட்டவருள் யானும் ஒருவன். அப்பெண்ணை ஒரு சொல்லேனும் நாங்கள் கேட்டிலேம். அக்குற்றமே இன்று என்னைப் பேசச் செய்கின்றது.

பைத்தியம் என்னும் சொல் பித்தம் என்பதன் வழி வந்தது. பித்தம் இருபாலார்க்கும் பொது. சொல் வழக்கிலோ அப்பொதுமை இல்லை. கணவன் பாத்திரத்தை வீசினால் முன்கோபி. மனைவி வீசினால் பைத்தியம்! மேனாட்டாரும் இதற்கு விலக்கல்லர். பெண்களின் துயரங்கள் பலவற்றை அவர்கள் ஹிஸ்டீரியா என்னும் ஒரு பெயரில் அடக்கினர். கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிற் பிறந்த பெயர் அது. அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தார் 1980-ஆம் ஆண்டிலேதான் அதனைத் தம் நோய்ப்பட்டியலினின்றும் நீக்கினர்.

இதன் மறுபுறமும் உண்டு. மெய்யாகவே நோயுற்றவரைப் பேய் பிடித்தவர் என்று கட்டிவைத்தலும் கொடுமையே. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியிற் பிணிப்புண்ட 28 பேர் வெந்து மாண்டனர். மகப்பேற்றின் பின் வரும் மனச்சோர்வும் வைத்தியர் அறிந்த நோயே. மருந்தாலும் ஆதரவாலும் தீர்வது. அதனைச் சோம்பலென்றும் திமிரென்றும் தள்ளுகின்றோம்.

சட்டம் நம்மினும் தெளிவுடையது. மனைவிக்கு மனச்சிதைவு எனக் கூறிக் கணவர் ஒருவர் மணவிலக்கு வேண்டிய வழக்கில், நோயின் பெயர் மட்டும் போதாது, அதன் அளவையும் நோக்கல் வேண்டும் என 1988-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமூக ஒழுக்கத்துக்கும் சமய நம்பிக்கைக்கும் இணங்காமையைக் கொண்டு ஒருவரை மனநோயர் எனத் தீர்மானித்தலாகாது என்பது 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். சங்கிலியிடுதலையும் அது விலக்குகின்றது.

ஆதலின் பெரியோர்களே! இனி இத்தகைய வழக்கு வருமிடத்து மூன்று வினாக்களை எழுப்புவோமாக. நோயென்று சொல்பவர் யார்? அதனால் அவர்க்கு வரும் ஆதாயம் யாது? பயின்ற வைத்தியர் அப்பெண்ணைத் தனியே இருத்தி அவள் சொல்லைக் கேட்டனரா? இவற்றிற்கு விடை வருமளவும் நம் கையெழுத்து தாளில் ஏறலாகாது. நோயாயின் சிகிச்சை செய்விப்போம். நோயன்றாயின் பழி சுமத்தாதிருப்போம்.