வீட்டுக் கணக்கு வீட்டாருக்குத் தெரியட்டும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்பக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

நாங்கள் நிதி ஆலோசகர்கள் என்று தெரிந்ததும் கல்யாண வீட்டில்கூட எங்களிடம் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: “தங்கம் ஏறுமா, இறங்குமா? எந்தப் பங்கை வாங்கலாம்?” நாளைய விலை அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும். பல ஆண்டுகளாகக் குடும்பங்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில் எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது வேறொன்று. சந்தையால் சிரமப்பட்ட குடும்பங்களைவிட, வீட்டுக்குள் பணத்தைப் பற்றிப் பேசாததால் சிரமப்பட்ட குடும்பங்களே அதிகம்.

இந்தப் பேசாமைக்கு ஒரு வரலாறு உண்டு. கடையநல்லூர், தென்காசி, நாகூர் என்று பல ஊர்களிலிருந்து வந்த நம் முன்னோரில் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாளாக இங்கே உழைத்தார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் உண்டு. பெட்டிக்கடை, பணமாற்றுக் கடை நடத்தியவர்கள் உண்டு. மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் போகும். இங்கே சம்பாத்தியம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கடல் நடுவில் இருந்தபோது அது தவிர்க்க முடியாதது. இன்று கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே வீவக வீட்டில் இருக்கிறோம். பழக்கம் மட்டும் மாறவில்லை.

முதலில் சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு 2007 அக்டோபரில் 3,800 புள்ளிகளைத் தாண்டி நின்றது. 2009 மார்ச்சில் 1,500க்கும் கீழே விழுந்தது. 2010 முடிவதற்குள் மீண்டும் 3,000ஐத் தாண்டியது. விழுந்ததும் உண்மை, எழுந்ததும் உண்மை. ஆனால் 2009இல் மகளின் கல்யாணத்தை வைத்திருந்த தகப்பனுக்கு 2010இல் எழுந்தது எப்படி உதவும்? அவர் அடிமட்ட விலைக்கு விற்றே ஆகவேண்டும். அவசரமில்லாதவர் காத்திருக்கலாம். ஆகவே ஒவ்வொரு தொகைக்கும் அது தேவைப்படும் தேதியை எழுதிக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் கல்யாணச் செலவும் கல்விக் கட்டணமும் சந்தைக்குப் போகக்கூடாது. அந்தத் தேதி வீட்டில் உள்ளவர்களோடு பேசினால்தானே தெரியும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி எங்களிடம் வந்தார். கணவர் மௌத்தாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. கையில் ஒரு பிஸ்கட் டின்; அதற்குள் வங்கிக் கடிதங்களும் காப்புறுதிப் பத்திரமும் சில துண்டுச் சீட்டுகளும். கணவர் கல்யாணத்துக்கு முன்பே தம் தாயாரின் பெயரை மத்திய சேமநிதியில் நியமித்திருந்தார். திருமணம் ஆனதுமே பழைய நியமனம் செல்லாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதனால் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போனது. ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுச் சான்றிதழ் எடுக்க வேண்டியதாயிற்று. பணம் இருந்தது, கைக்கு வர மாதங்கள் ஆயின. அதுவரை வீட்டைத் தாங்கியவர் அந்தச் சகோதரியின் தம்பி.

ஆனால் அவர் எங்களிடம் முதலில் கேட்டது பணம் எப்போது வரும் என்று அல்ல. ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார். அதில் ஒரு பெயரும் ஒரு தொகையும் மட்டும் இருந்தன. “இது அவர் கொடுத்ததா, வாங்கியதா? ஜனாஸா அன்று, கடன் இருந்தால் சொல்லுங்கள் என்று சபையில் கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. வாங்கிய கடனாக இருந்தால் அவர் கழுத்தில் அல்லவா நிற்கும்?” என்றார். அதற்கு எந்த ஆலோசகராலும் பதில் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவர் ஒருவரே; அவர் போய்விட்டார்.

இனி நாம் அறிந்திருக்க வேண்டிய சில விவரங்கள். சேமநிதிப் பணத்தை உயிலில் எழுதி வைக்க முடியாது; அதற்குத் தனி நியமனம் வேண்டும். திருமணம் பழைய நியமனத்தை ரத்தாக்கும், மணவிலக்கு ரத்தாக்காது. முஸ்லிம்கள் செய்யும் சேமநிதி நியமனம் ஹிபா என்னும் அன்பளிப்பாக அமையலாம் என்று முயிஸ் ஃபத்வா குழு 2010இல் விளக்கமளித்தது. ஆகவே மனைவியை நியமிக்கலாமா என்று தயங்குபவர்கள் முயிஸில் கேட்டுத் தெளிவு பெறலாம்.

மற்றச் சொத்துகளில் அடக்கச் செலவும் கடனும் முதலில் கழியும். கொடுக்காமல் நின்ற மஹரும் கடன்தான் என்பதை ஆண்கள் நினைவில் வைக்கவேண்டும். பிறகு வஸிய்யத், அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. மீதிதான் பாகப்பிரிவினைக்கு வரும். ஓர் உதாரணம்: தகப்பனை ஏற்கெனவே இழந்த ஒருவர் மனைவி, தாய், ஒரு மகன், இரண்டு மகள்களை விட்டுப் போகிறார். மீதி 96,000 வெள்ளி. மனைவிக்கு எட்டில் ஒன்று, 12,000. தாய்க்கு ஆறில் ஒன்று, 16,000. எஞ்சிய 68,000இல் மகனுக்கு 34,000, மகள்களுக்குத் தலா 17,000. இந்தக் கணக்கைக் கணவரும் மனைவியும் முன்கூட்டியே சேர்ந்து போட்டுப் பார்த்தால், மனைவிக்கு எதில் குறைகிறது, உயிரோடிருக்கும்போதே எதைக் கொடுக்கலாம், எவ்வளவு காப்புறுதி வேண்டும் என்பதெல்லாம் தெரியவரும்.

“மௌத்தைப் பற்றி இப்போதே ஏன் பேச்சு?” என்று பெண்கள் தடுப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். “சொத்தை எண்ணிப் பார்க்கிறான் என்று அத்தா நினைத்துவிடுவாரே” என்று பிள்ளைகள் தயங்குவதையும் பார்த்திருக்கிறோம். அந்தத் தயக்கம் மரியாதையில் பிறந்தது. அதைக் குறை சொல்ல மாட்டோம். அதனால்தான் பேச்சைப் பெரியவர்களே தொடங்கவேண்டும் என்கிறோம். அத்தா தாமாகவே நோட்டை எடுத்து வைத்தால் பிள்ளைக்குக் கூச்சமில்லை.

அந்த நோட்டில் நான்கு பக்கம் போதும். என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது. யாருக்குத் தரவேண்டும், யாரிடமிருந்து வரவேண்டும். யார் யாரை எதில் நியமித்திருக்கிறோம், எந்த ஆண்டில். நமக்கு நினைவு தவறினால் முடிவெடுப்பவர் யார், அதற்கான எல்பிஏ பத்திரம் செய்தாயிற்றா. ஊரில் உள்ள நிலத்தையும், கூட்டாகக் கட்டிய வீட்டையும், தோழிகளோடு போட்ட சீட்டையும் விட்டுவிடாதீர்கள். பெண்கள் தங்கள் நகையையும் சேமிப்பையும் தங்கள் பெயரிலேயே தனியாக எழுதுங்கள். அது உங்கள் சொத்து.

இந்த வாரம் ஒரு நாள் இஷாவுக்குப் பின் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். முதல் பக்கத்தைக் கடனிலிருந்து தொடங்குங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் பரக்கத்தான சம்பாத்தியத்தையும் கடனற்ற முடிவையும் தருவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.