சுளுக்கென்று எண்ணப்படும் நடுப்பாதக் காயம்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நமது நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரியிலிருந்து கால் தவறி இறங்குவோரும், நெய்வேலிக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்வோரும் உண்டு. பாதம் மடங்கி வீங்கினால், சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவி விடுவது நம்மிடையே வழக்கம். அவ்வழக்கம் சில வேளைகளில் நிரந்தர ஊனத்தில் முடிகிறது என்பதை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நடுப்பாதத்தில் ஐந்து சிறு எலும்புகள் உள்ளன. விரல்களை நோக்கிச் செல்லும் ஐந்து நீண்ட எலும்புகளுடன் அவை சேருமிடமே பாத வளைவைத் தாங்குகிறது. அங்குள்ள தசைநார் அறுந்தாலோ எலும்பு முறிந்தாலோ வளைவு சரியும். பிரெஞ்சு அறுவை மருத்துவர் லிஸ்ஃபிராங்க் பெயரால் இக்காயம் அறியப்படுகிறது.

இதன் அடையாளங்கள் மூன்று: புறங்காலில் வீக்கம், நுனிக்காலில் ஊன்ற இயலாமை, உள்ளங்காலின் நடுவே இரத்தம் கட்டிய நீலம். மூன்றாவது தென்பட்டால் ஐயமின்றி எலும்பு மருத்துவரை நாட வேண்டும். படுத்த நிலையில் எடுக்கும் எக்ஸ்ரேயில் இக்காயம் மறைந்துவிடக்கூடும். ஆகவே, இரு பாதங்களையும் ஊன்றி நின்று எடுத்து ஒப்பிடுவர். வலியால் நிற்க முடியாவிடில் இரு வாரங்களுக்குள் மீண்டும் எடுப்பர், தேவையெனில் சி.டி. ஸ்கேனும் உண்டு.

எலும்பு விலகாதிருந்தால், பாதத்தை ஊன்றாமல் ஆறு வாரமேனும் மாவுக்கட்டு போதும். விலகியிருந்தால் ஸ்குரூ அல்லது பிளேட் வைத்து அறுவை செய்ய வேண்டும். காலம் தாழ்த்தினால் மூட்டு தேய்ந்து, பாதம் தட்டையாகி, ஒவ்வோர் அடியும் வலியாகும். விரல்கள் மரத்தாலோ வலி கடுமையாக ஏறினாலோ அன்றே மருத்துவமனை செல்க.

நீரிழிவு உள்ளோர்க்குத் தனியாக ஒரு சொல். உணர்ச்சி குன்றிய பாதத்தில் எலும்பு நொறுங்கினாலும் வலி தெரியாது. சூடும் சிவப்பும் வீக்கமுமே அறிகுறி. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதம் சிதைவதற்கு உணரப்படாத காயங்களே காரணம் என்று விளக்கினார். அப்பாடம் இன்று நீரிழிவு நோயாளர்க்கும் பயன்படுகிறது.

கால் ஊன்றக் கூடாத நாட்களில் நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. பள்ளிக்கு வரும் ஆர்வத்தில் கட்டைப் பாதியில் பிரித்து நடந்துவிட வேண்டாம். வீட்டாரும் அவரை வேலைக்கு விரைவுபடுத்த வேண்டாம்.

உருவுவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே. இதுவே நமது வேண்டுகோள்.