சினைப்பைக்குக் கிடைத்த ஓய்வு

உத்திரமேரூர் பக்கம் பாட்டிமார்களைக் கேட்டால், ஆறு பெற்றேன், எட்டு பெற்றேன் என்பார்கள். இப்போது ஒன்று, இரண்டோடு சரி.

பிள்ளை பெற்றவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவு. ஒவ்வொரு பேற்றுக்கும் இன்னும் கொஞ்சம் குறைகிறது. மாதாமாதம் முட்டை வெளிவரும்போது சினைப்பையின் மேல்தோல் கிழிந்து, மறுபடி ஆறுகிறது. ஓயாமல் இப்படி நடந்தால் கோளாறு வரலாம் என்று 1971-இல் எகிப்து மருத்துவர் ஃபதல்லா எழுதினார். கர்ப்பமும் தாய்ப்பால் காலமும் சினைப்பைக்கு ஓய்வு. கருத்தடை மாத்திரையும் அப்படித்தான்.

அதற்காக யாரும் எட்டுக்குப் போக வேண்டாம்! எட்டு பெற்றவருக்கும் இந்தப் புற்றுநோய் வரலாம். பெறாதவர்களில் பெரும்பாலோருக்கு வருவதேயில்லை. பிள்ளையில்லாத பெண்ணிடம் போய் இதைச் சொல்லிக் காட்டுவது வெறும் வம்பு.

கவனிக்க வேண்டியது வயிற்றை. உப்புசம், நாலு வாய்க்குள் வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் இவை இந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம். வாயுத் தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்தே நாளைக் கடத்துகிறார்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனையே இருக்கிறது.