பேச்சு முடிந்த மறுநாள்

(கிளைப் பேச்சாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



மேடையில் எப்படிப் பேசுவது என்று சொல்லித் தருகிற நூல்கள் பல உண்டு. வள்ளுவரே சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவையறிதலுக்கு ஓர் அதிகாரம், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் என்று மூன்று வைத்திருக்கிறார். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது வேறு விஷயம். பேசிவிட்டு மேடையை விட்டு இறங்குகிறோம். பேசியது போய்ச் சேர்ந்ததா, இல்லையா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த முறை எப்படித் திருத்திக்கொள்வது?

கைதட்டலைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. குரலை உயர்த்திச் சட்டென்று நிறுத்தினால் கூட்டம் தட்டும். முதலாளியை நாலு வார்த்தை கிண்டல் செய்தால் தட்டும். ஒருவழியாக முடித்தாரே என்ற நிம்மதியிலும் தட்டும்! எந்தத் தட்டு எதற்கு என்று யார் பிரித்துச் சொல்வது?

இது வீண் ஆராய்ச்சி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆலை வாயிற்கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஷிப்டு வெளியே வருகிறது, அடுத்த ஷிப்டு உள்ளே போகிறது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் ஒருபுறம். நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. "வேலைநிறுத்தம் 24-ஆம் தேதி முதல், அதுவரை எல்லோரும் வேலைக்குப் போக வேண்டும்" என்று பேச்சாளர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் நிற்பவர் காதில் "வேலைநிறுத்தம்" என்ற ஒரு சொல்தான் விழுகிறது. மறுநாளே பன்னிரண்டு பேர் வெளியே நின்றுவிடுகிறார்கள். என்ன ஆகும்? பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, முறையான முன்னறிவிப்பும் தக்க காரணமும் இல்லாமல் வேலைக்கு வராவிட்டால், வேலை ஒப்பந்த நிபந்தனையைக் காட்டி எட்டு நாள் கூலி வரை பிடித்தம் செய்ய 1936-ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டத்திலேயே வழி வைத்தார்கள். பேச்சு தெளிவில்லாமல் போனால் பேசியவருக்கு நஷ்டம் இல்லை. கேட்டவர் வீட்டு அடுப்புதான் அணைகிறது.

ஆகவே முதல் சோதனை மறுநாள் காலையில்தான் நடக்க வேண்டும். மூன்று பேரைப் பாருங்கள். முன்னால் நின்றவர் ஒருவர், கடைசியில் நின்றவர் ஒருவர், பாதியில் போனவர் ஒருவர். "நேற்று நம் பேச்சு எப்படி?" என்று கேட்காதீர்கள். "பிரமாதம் தோழரே" என்பார்கள். நம் மக்கள் முகத்துக்கு நேரே மனம் நோகப் பேசமாட்டார்கள். "நேற்று என்ன சொன்னோம்? வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதுதான் நம் பேச்சு. மற்றதெல்லாம் காற்றோடு போனது. முடிந்தால் நாலாவதாக ஒருவரையும் பாருங்கள், கூட்டத்துக்கே வராதவர். அவர் காதுக்கு என்றைக்கு, எங்கே, எதற்கு என்ற மூன்றும் சரியாகப் போயிருந்தால் அந்தப் பேச்சு காலூன்றி நடந்திருக்கிறது.

கிராமத்துக் கூட்டத்தில் இந்தச் சோதனையைப் பெண்களிடம் செய்வது அவசியம். ஆண்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நடவு முடித்து, அடுப்பு வேலையும் பார்த்துவிட்டு வருகிற பெண்கள் தெருவோரத்தில் இருட்டில் நிற்பார்கள். பேச்சாளர் முன்வரிசையைப் பார்த்தே பேசிவிட்டுப் போய்விடுவார். நடவுக் கூலியைப் பற்றிய கூட்டத்தில் நடவாட்களுக்கே பேச்சு எட்டவில்லை என்றால் அது என்ன கூட்டம்?

அடுத்தது, நம் பேச்சை நாமே கேட்பது. அந்தக் காலத்தில் கிரேக்க நாட்டு டெமாஸ்தனிஸ் பெரிய கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று கண்ணாடியை விட நல்ல கருவி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கைபேசியை மேடையில் வைக்காதீர்கள். கடைசியில் நிற்கிற தோழர் கையில் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அப்போதுதான் கடைசி ஆள் கேட்டது நமக்கும் கேட்கும்.

முதல் முறை கேட்கும்போது "இது நம் குரலா?" என்று கூசும். நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பின் வழியாகவும் நம் செவிக்குள் வருகிறது. பதிவில் அந்த எலும்பு வழி ஒலி இல்லை. மற்றவர்கள் என்றும் கேட்டுப் பழகிய குரல் அதுதான். எனவே குரலைப் பற்றிக் கவலைப்படாமல் இரண்டாம் முறை கேளுங்கள். கையில் கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது? "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தோழர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்த..." என்று விளிப்பதிலேயே நாலு நிமிடம் போனால், பத்து நிமிட வாயிற்கூட்டத்தில் மிச்சம் என்ன? "வந்து", "அதாவது", "என்ன சொல்ல வருகிறோம் என்றால்" என்பவை எத்தனை முறை வருகின்றன? ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள்.

மூன்றாம் முறை ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "நிர்வாகம் சொன்ன இந்த ஏற்பாட்டை நாம் ஒப்புக்கொள்ள..." என்பது வரை எல்லோருக்கும் கேட்கும். அதற்குப் பிறகு வருவது "வேண்டும்" என்பதா, "முடியாது" என்பதா? சங்கத்தின் முடிவு முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஆனால் பேசுகிறவருக்கு அந்த இடத்தில்தான் மூச்சு தீர்கிறது, குரல் இறங்குகிறது. மார்க்கெட் இரைச்சலில், லாரி சத்தத்தில் அது அமுங்கிப்போகிறது. முன்வரிசைக்கு "முடியாது", பின்வரிசைக்கு அவரவர் ஊகம்! இதற்கு மருந்து பெரிய குரல் அல்ல. வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள். மூச்சு மிச்சம் இருக்கும்போதே முடியுங்கள். முடிவைச் சொல்லி நிறுத்துங்கள். எதிர்ச் சுவரில் பட்டு எதிரொலி அடங்கட்டும். பிறகு அடுத்ததைத் தொடங்கலாம்.

1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடையே சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, வாடியா ஆங்கிலத்தில் பேசினார், திரு.வி.க. போன்றவர்கள் தமிழாக்கினார்கள். மொழிபெயர்க்கிறவருக்காகக் கருத்துக்குக் கருத்து நின்றாக வேண்டும். அந்த இடைவெளி கேட்பவருக்கும் யோசிக்க நேரம் தந்திருக்கும். நமக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஆனால் ஒருவர் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு பேசினால் கெட்டுப்போகாது.

சொல்லையும் எடை போட வேண்டும். குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம் என்று சட்டம் சொல்கிறது. மேடையில் "எட்டுப் புள்ளி மூன்று மூன்று" என்று முழங்கினால் எத்தனை பேருக்குப் புரியும்? அது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது வருடம் முழுக்க உழைத்தால் ஒரு மாதச் சம்பளம். அப்படிச் சொன்னால் தலைகள் அசையும். ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டால் அது பாதி உண்மைதான். போனஸ் கணக்குப் பார்க்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதையும் அடுத்த வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் போனஸ் வாங்குகிற அன்று தொழிலாளி நம்மிடம் வந்து கேட்பார். கேட்பதும் நியாயமே.

"நமக்கு நல்ல தமிழ் வராதே" என்று தயங்குகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தஞ்சை விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிய தோழர் பி. சீனிவாசராவுக்குத் தாய்மொழி கன்னடம். பின்னால் கற்ற தமிழில்தான் 1940-களில் சேரி சேரியாகப் போய்ப் பண்ணையாட்களிடம் பேசினார். அந்த மக்கள் எழுந்த எழுச்சிக்குப் பிறகுதான் 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவர் தமிழில் பிழை இருந்ததா என்று எந்தப் பண்ணையாளும் கணக்குப் பார்க்கவில்லை. மறுபுறம், ஜீவாவைப் போல் முழங்க வேண்டும் என்று தொண்டையைக் கிழித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். 1963-இல் மறைந்த அந்தப் பெருமகனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முழக்கத்தை அல்ல. கம்பனையும் பாரதியையும் ஊறிப் படித்த அந்தப் படிப்பை.

கடைசியாகக் குறிப்பேடு. 1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பொதுக்கூட்டங்களில் பேசினார்கள். கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த நாட்கள் அவை. அந்தப் பேச்சுகளைப் போலீசார் குறித்து வைத்தார்கள்; அந்தக் குறிப்புகளே பின்னர் வழக்கில் சாட்சியமாயின. அதே ஆண்டு ஜூலையில் வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. பேச்சைக் கூர்ந்து கேட்டு எழுதி வைப்பதில் எதிர்த்தரப்பு என்றும் சோம்பியதில்லை. நாம் மட்டும் ஏன் சோம்ப வேண்டும்? ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பக்கம் போதும். தேதி, இடம், எவ்வளவு நேரம், என்ன சொல்ல நினைத்தோம், மறுநாள் மூன்று பேர் என்ன சொன்னார்கள். நினைத்ததற்கும் அவர்கள் சொன்னதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கோடிட்டு வையுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கிளம்புமுன் அந்தப் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள்.

இனி வகுப்பின் வேலை. ஒவ்வொருவரும் எழுந்து ஐந்து நிமிடம் பேச வேண்டும். பொருள்: உங்கள் ஆலையில் அல்லது உங்கள் ஊரில் இந்த மாதம் வைத்திருக்கிற கோரிக்கை. அதோ, கடைசி வரிசையில் ஜன்னலோரம் நமக்குச் சமையல் செய்து போடுகிற அம்மா வந்து உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு பேச்சும் முடிந்ததும் அவர் தாம் கேட்டதைச் சொல்வார். பேசியவர் இடையில் குறுக்கிட்டு விளக்கம் சொல்லக் கூடாது. யார் முதலில் வருகிறீர்கள்?