தூக்க முடிந்த வண்டி

(ஆதரவாளர் குடும்பங்களின் மாதாந்திரக் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இன்று மாலை நான் வழக்கமாகப் பேசும் பொருளை விட்டு, மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. நம் குடும்பங்களைச் சேர்ந்த வாலிபர் மூவர், வருகிற செப்டம்பர் மாதம் மணாலியிலிருந்து லடாக்கிலுள்ள லே பட்டணம் வரை மோட்டார் சைக்கிளில் செல்லத் தீர்மானித்திருக்கிறார்கள். போன மாதம் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, எங்களுக்காக ஜெபம் பண்ணி அனுப்புங்கள்" என்றார்கள். "கட்டாயம் ஜெபிக்கிறேன். எந்த வண்டியில் போகிறீர்கள் தம்பி?" என்று கேட்டேன். மூவரும் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள். அவர்களில் மூத்தவர், தாயாரின் நகையை அடகு வைத்துப் பெரிய வண்டி ஒன்று வாங்கவிருப்பதாகச் சொன்னார். அந்தத் தாயார் இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகையால் இது விளையாட்டுக் காரியம் அல்ல.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் வலது காலில் ஒரு தழும்பு உண்டு, அதுதான் தகுதி. 1986ஆம் ஆண்டு, வேதாகமக் கல்லூரியை முடித்த புதிதில், மலைக் கிராமம் ஒன்றில் நடந்த மருத்துவ முகாமுக்கு மருந்துப் பெட்டிகளைக் கொண்டுசெல்லும் பொறுப்பை ஏற்றேன். முகாமில் ஒரு பழைய சிறிய வண்டி இருந்தது. அது எனக்குக் கௌரவமாகத் தோன்றவில்லை. நண்பரிடம் கனமான வண்டியொன்றை இரவல் வாங்கிப் புறப்பட்டேன். தார்ச்சாலையில் ராஜாவைப்போலச் சென்றேன். காட்டாறு ஒன்றைக் கடக்கையில் பாசி பிடித்த கல்லில் சக்கரம் வழுக்கியது. வண்டி என்மேல் சாய்ந்தது. சூடான சைலன்ஸருக்கடியில் கால் சிக்கிக்கொண்டது. எவ்வளவு முயன்றும் தூக்க முடியவில்லை. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்து தூக்கும்வரை அங்கேயே கிடந்தேன். பெட்டிகள் நனைந்துபோயின. காலையிலிருந்து மருந்துக்காகக் காத்திருந்த ஜனங்கள் வெறுங்கையாய்த் திரும்பிச் சென்றார்கள். குற்றம் வண்டியுடையதல்ல, தேர்ந்தெடுத்த என்னுடையது.

இனி இவர்கள் போகும் பாதையைப் பார்ப்போம். மணாலியிலிருந்து லே வரை ஏறத்தாழ 430 கிலோமீட்டர். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின், ரோத்தாங் கணவாயில் ஏறாமலே லாஹூல் பள்ளத்தாக்கினுள் செல்லலாம். அதற்கப்பால் பாரலாச்சா, லாச்சுலுங், தக்லங் என்று கணவாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தக்லங் கணவாயின் உயரம் 5,328 மீட்டர். நமது தொட்டபெட்டாவின் மேல் இன்னொரு தொட்டபெட்டாவை வைத்தால்கூட அந்த உயரம் வராது. சாலையின் பெரும்பகுதி இப்பொழுது நல்ல தார்ச்சாலைதான். ஆனால் பனி உருகி ஓடைகள் குறுக்கே பாயும் இடங்களிலும், மண் சரிந்த இடங்களிலும், உருண்டைக் கற்களும் சேறும்தான். வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நல்ல சாலை நூறு கிலோமீட்டரை நினைக்கக் கூடாது. கெட்ட சாலை பத்து கிலோமீட்டரையே நினைக்க வேண்டும். கால் முறிவது அங்கேதான்.

ஆகையால் மூன்று கேள்விகளை வாலிபர் முன் வைக்கிறேன்.

முதலாவது, விழுந்த வண்டியை உன்னால் தனியாகத் தூக்க முடியுமா? கல்லிலும் சேற்றிலும் விழாமல் போகிறவர் அபூர்வம். 2023இல் வந்த ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450 வண்டியின் எடை 196 கிலோ. 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 155 கிலோ. வித்தியாசம் நாற்பது கிலோ, அதாவது முக்கால் சிமெண்ட் மூட்டை. அதன்மேல் உங்கள் சாமான்களும் சேரும். சீட்டின் உயரத்தையும் பாருங்கள். 855 மில்லிமீட்டர் உயரமுள்ள சீட்டில், ஐந்தடி மூன்று அங்குலமுள்ளவருக்குக் கால் நுனிதான் தரையைத் தொடும். ஓடையின் நடுவே கால் ஊன்றும் இடத்தில் பள்ளம் இருந்தால் என்ன செய்வீர்கள்?

இரண்டாவது, வழியில் நின்றால் உன்னால் சரிபார்க்க முடியுமா? 2004ஆம் ஆண்டு ஈவன் மெக்ரெகர் என்ற நடிகர், தன் நண்பரோடும் ஒளிப்பதிவாளரோடும் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டு நியூயார்க் வரை மோட்டார் சைக்கிளில் பயணம் செய்தார். பெரிய வண்டிகள், ஒவ்வொன்றும் 250 கிலோவுக்கு மேல். மங்கோலியாவில் ஒளிப்பதிவாளருடைய வண்டியின் சட்டம் முறிந்தது. அப்போது அவர்களுக்கு உதவியது, அந்நாட்டில் வாங்கிய ஒரு சாதாரண ரஷ்ய வண்டி. எந்த வண்டியானாலும் கிளட்ச் கேபிள், பிரேக் லீவர், ஸ்பார்க் பிளக், பியூஸ், டியூப், காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எடுத்துச் சென்றால் போதாது, அவற்றை மாட்டவும் கற்றுக்கொள்ளுங்கள். கம்பிச் சக்கரம் கல்லில் மோதினால் நெளியும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் சக்கரம் வெடித்தால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது, மூச்சும் பெட்ரோலும் போதுமா? தண்டி என்ற இடத்திலுள்ள பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று எழுதிய பலகை பல ஆண்டுகளாகப் பெயர்பெற்றது. டேங்க் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கொடுத்தால் 450 போகலாம். ஏற்றத்தில் சிறிய கியரிலேயே ஓட்டி 24 ஆகக் குறைந்தால் 360தான். ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அதுவும் காற்று மெலிந்த இடத்தில். ஐந்து லிட்டர் கேனைக் கூடவே கட்டிக்கொள்ளுங்கள். தக்லங் கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். எஞ்சினின் பலமும் அப்படியே குறையும். கார்புரேட்டர் வண்டியானால் காற்று குறைந்தும் பெட்ரோல் குறையாமல் வந்து, புகை கக்கும், பிளக் கறுத்துப்போகும். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும், ஆனால் இழந்த பலத்தைத் திரும்பத் தராது. ஆகவே சிறிய வண்டியில் போகிறவர் பின்னால் ஆளை ஏற்ற வேண்டாம், சாமான்களையும் பாதியாக்குங்கள்.

எஞ்சினுக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். கேலாங்கில் ஒரு நாளாவது தங்கி உடலைப் பழக்குங்கள். தலைவலியும் வாந்தியும் கண்டால் மேலே ஏறாமல் கீழே இறங்குங்கள். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகித் தண்ணீர் பெருகும்.

இவ்வளவும் வாயால் சொன்னால் வாலிபர் கேட்பார்களா? ஆகையால் சென்ற சனிக்கிழமை ஆலய வளாகத்தில் ஒரு பரீட்சை வைத்தோம். சாமான்களைக் கட்டிய வண்டிகளை மண்ணில் மெதுவாகச் சாய்த்தோம். ஹேண்டிலை முழுவதும் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, இடுப்பால் அல்ல, கால் பலத்தால் நிமிர்த்த வேண்டும் என்று காண்பித்தேன். ஒருவருக்கொருவர் உதவக் கூடாது, இரண்டு முறை தூக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நடுத் தம்பி நல்ல உடல்வாகு உள்ளவர். தன்னிடமுள்ள பெரிய வண்டியை இரண்டு முறையும் தூக்கிவிட்டார். அதிலேயே அவர் போகட்டும். இளையவர், தகப்பனார் வைத்திருந்த பழைய புல்லட்டை மிகுந்த சிரமத்தோடு தூக்கினார். 1955இல் நமது சென்னையில் தொடங்கிய கம்பெனியின் வண்டி அது. அதைத் திறந்து மூட அவருக்குத் தெரியும், சீட்டும் தாழ்வானது. சாமான்களைக் குறைத்துக்கொண்டால் அவருக்கு அதுவே போதும். மூத்தவர், தாம் வாங்க நினைத்த அதே ரக வண்டியை இரவல் கொண்டுவந்திருந்தார். முதல் முறை தூக்கினார். இரண்டாம் முறை முழங்கால் உயரத்துக்கு மேல் அது எழும்பவில்லை. சிரித்தார், பிறகு பேசாமல் நின்றார். சற்று நேரம் சென்று, தினமும் வேலைக்கு ஓட்டிச்செல்லும் தம்முடைய 200 சிசி வண்டியைத் தாமே சாய்த்தார், தாமே தூக்கினார், மறுபடியும் சாய்த்துத் தூக்கினார். "ஐயா, நான் இதிலேயே போகிறேன்" என்றார். அம்மா, உங்கள் நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

எந்த வண்டி உயர்ந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். மூவருக்கும் மூன்று வண்டிகள் பொருந்தின. வழியைப் பாருங்கள், உங்கள் பலத்தைப் பாருங்கள், அதன்பின் வண்டியைப் பாருங்கள். நான் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினபடியால் மருந்துகளை ஆற்றிலே விட்டவன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வழியில் பல இடங்களில் போன் எடுக்காது. இரண்டு நாள் செய்தி வராவிட்டால் கலங்க வேண்டாம். தம்பிமாரே, லே போய்ச் சேர்ந்தவுடன், படம் எடுப்பதற்கு முன்பாக வீட்டுக்குப் போன் செய்யுங்கள். எலும்பு முறிவுப் பகுதியில் வாலிபர்களின் கட்டிலருகே அவர்களுடைய தாய்மாரோடு நான் அநேக இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் தாய்மாரோடு அப்படி உட்கார எனக்கு விருப்பமில்லை. சுகமாய்ப் போய், சுகமாய்த் திரும்பி வாருங்கள்.