சிறிய ரயிலும் பொது மொழியும்



கிழக்கேகோட்டையிலிருந்து தம்பானூர் ரயில் நிலையம் நடந்தே சென்றுவிடக்கூடிய தூரம்தான். கொல்லத்திலிருந்து புறப்பட்ட மீட்டர் பாதை 1918-ஆம் ஆண்டில் நம் நகரின் விளிம்பை எட்டியது. 1931-இல் தம்பானூருக்கு வந்தது. 1958-இல் கோட்டயம் வழியாக எர்ணாகுளம் வரையில் பாதை இணைந்தபோது, வடக்கே செல்லும் வழி திறந்துவிட்டதென்று மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் நம் பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர். எர்ணாகுளத்துக்கு வடக்கே இருந்ததோ 1,676 மில்லிமீட்டர். இரண்டும் இரும்புதான், இரண்டும் ரயில்தான். ஆயினும் பயணிகள் மூட்டை முடிச்சுகளுடன் எர்ணாகுளத்தில் இறங்கி வேறு வண்டி ஏறினர். 1976-இல் அகலப்பாதை வந்த பிறகே அத்தொல்லை தீர்ந்தது.

அத்தொல்லை இன்று வீட்டு மேஜையின் மீது ஓடும் மாதிரி ரயிலுக்கும் வந்திருக்கிறது. நான் சொல்வது வேளியில் 2020-இல் ஓடத் தொடங்கிய, ஆட்களை ஏற்றிச் செல்லும் சூரிய சக்திச் சிறு ரயிலை அன்று. உண்மை ரயிலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த, உள்ளங்கையில் அடங்கும் வண்டிகளை. இவற்றின் பாதை அகலம் 16.5 மில்லிமீட்டர். வளைகுடாவிலிருந்து சித்தப்பா ஒரு பெட்டி கொண்டு வருவார். ஜெர்மனியில் பணிபுரியும் மாமா வேறொன்று அனுப்புவார். இரண்டும் சேர்ந்து ஓடுமா என்பதே கேள்வி. விலையும் அற்பமன்று, ஆதலால் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று துணிவது விவேகமாகாது.

பழைய முறையில் தண்டவாளத்தில் பாயும் நேர்மின்சாரத்தைக் கூட்டினால் எஞ்சின் விரையும், குறைத்தால் நிற்கும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்கள் இருப்பின் இரண்டும் சேர்ந்தே ஓடும். டிஜிட்டல் முறையில் மின்சாரம் எப்போதும் நிரம்பியிருக்கும்; அதன் துடிப்புகளிலேயே கட்டளையும் கலந்து வரும். ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் டீகோடர் எனப்படும் ஒரு சிறு சில்லு அமர்ந்திருக்கிறது. அதற்கென ஓர் எண் உண்டு. தண்டோரா போடுபவன் வீட்டின் பெயரைச் சொல்லி அறிவிப்பதுபோல், எண்ணோடு கூடி வரும் கட்டளையை அவ்வெண்ணுக்குரிய எஞ்சின் மட்டுமே ஏற்கும்.

தொடக்கத்தில் இதற்கு ஆளுக்கொரு மொழி இருந்தது. இங்கிலாந்தின் ஹார்ன்பி ஸ்தாபனம் 1979-இல் ஜீரோ ஒன் என்னும் முறையைக் கொணர்ந்தது. ஜெர்மனியின் மார்க்ளின் 1980-களின் நடுவில் தனதொன்றை வெளியிட்டது. ஒன்றின் கட்டளை மற்றொன்றுக்கு வெறும் இரைச்சல். பிறகு, 1935-இல் தோன்றிய அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில் சங்கம், ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வகுத்த முறையை அடிப்படையாகக் கொண்டு 1990-களில் பொது நியதி ஒன்றை ஏற்படுத்தியது. டி.சி.சி. என்பது அதன் பெயர். மின்துடிப்பின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ வினாடி நீடித்தால் அது ‘ஒன்று’. ஏறத்தாழ 100 அல்லது அதற்கு மேல் நீடித்தால் ‘சுழி’. இவ்வளவு எளிய ஒப்பந்தத்தினால், ஒருவர் செய்த டீகோடர் மற்றொருவருடைய கட்டளைப் பெட்டிக்குக் கீழ்ப்படிகிறது. இதை நான் அச்சு எழுத்தின் வரவுக்குச் சமமான காரியம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வணிகர்கள் தாமாக இசைந்து செய்யும் காரியங்களில் அபூர்வமானது.

எனினும் நியதி ஆளுவது தண்டவாளத்தை மட்டுமே. நாம் கையில் பிடித்து வேகத்தைத் திருகும் கைக்கருவிக்கும், மேஜைக்கடியில் உள்ள கட்டளைப் பெட்டிக்கும் இடையிலுள்ள கம்பி அதன் ஆட்சிக்கு அப்பாற்பட்டது. லென்ஸின் கம்பி மொழி எக்ஸ்பிரஸ்நெட். அமெரிக்காவின் டிஜிட்ராக்ஸின் மொழி லோகோநெட். முன்னதில், ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வாசிப்பதுபோல், பெட்டியே ஒவ்வொரு கைக்கருவியையும் முறையே அழைத்துக் கேட்கும். பின்னதிலோ, நிசப்தம் நிலவும்போது எந்தக் கருவியும் தானே பேசலாம். விபரீதம் என்னவெனில், இரண்டிலும் தொலைபேசிச் செருகியைப் போன்ற செருகியையே காணலாம். செருகினால் பொருந்தும், பேசினால் புரியாது, கருவிக்குக் கேடும் நேரலாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் வியப்பில்லை. ஆங்கிலமும் ஜெர்மனும் ரோமன் எழுத்தையே பயன்படுத்துகின்றன. அதனால் ஒன்றைப் படித்தவருக்கு மற்றொன்று வந்துவிடுகிறதா என்ன?

இரு மொழியும் அறிந்த துபாஷிகளும் உண்டு. ரோகோ நிறுவனத்தின் கறுப்பு நிற இசட்-21 பெட்டியில் இரண்டு வகைக் கம்பிகளுக்கும் வாயில்கள் இருக்கின்றன. ஜே.எம்.ஆர்.ஐ. என்னும் இலவச மென்பொருள், தக்க இணைப்புக் கருவி இருந்தால், பல நிறுவனங்களின் பெட்டிகளோடு கணினி வாயிலாகப் பேசும். இம்மென்பொருளின் உரிமம் குறித்த வழக்கொன்றில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் அளித்த தீர்ப்பு, திறந்த மூல உரிமங்கள் அனைத்துக்குமே வலுவூட்டியது. பொம்மை ரயில் சட்ட நூல்களில் ஏறிய கதை அது.

பொது நியதிக்குள்ளும் சில கண்ணிகள் உள்ளன. எஞ்சினின் முன்விளக்கு வேகத்தைக் கூட்டக் கூட்ட விட்டுவிட்டு எரிந்தால், விளக்கு பழுதென்று எண்ணவேண்டாம். பெட்டி வேகத்தை 28 படிகளாகவும் டீகோடர் 14 படிகளாகவும் எண்ணுகின்றன என்பதே பெரும்பாலும் காரணம். இரண்டையும் ஒரே கணக்கில் அமைத்தால் சரியாகிவிடும். டீகோடரே இல்லாத பழைய எஞ்சினைச் சுழியாம் எண்ணில் ஓட்டச் சில பெட்டிகள் இடந்தருகின்றன. நிற்கும்போதும் அந்த மோட்டார் முனகிச் சூடேறும்; நுண்ணிய மோட்டாராயின் கருகியே போகலாம். அவ்வசதியை நான் யாருக்கும் பரிந்துரையேன். மார்க்ளினின் மூன்று தண்டவாள முறைக்கென அமைந்த எஞ்சினையோ இரண்டு தண்டவாளப் பாதையில் வைக்கவே கூடாது. அதன் சக்கரங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்று மின்காப்பிடப்படாதவை. வைத்த மாத்திரத்தில் இரு தண்டவாளங்களும் குறுக்கிணைந்துவிடும்.

ஆகவே, வாங்குபவர் டீகோடர் பொருத்திய எஞ்சினை எங்கிருந்து வேண்டுமாயினும் வாங்கலாம், டி.சி.சி., இரண்டு தண்டவாளம் என்னும் இரண்டும் பெட்டியின் மீது அச்சிடப்பட்டிருந்தால் போதும். கட்டளைப் பெட்டியையும் கைக்கருவியையும் மட்டும் ஜோடியாகவே வாங்கவேண்டும். பழையதாக வாங்கினால், விற்பவரின் வீட்டிலேயே இரண்டையும் இணைத்து, ஓர் எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டச் சொல்லிய பின்னரே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.