கேக் மிக்ஸ் பெட்டியில் காணாமல் போன 5 அவுன்ஸ்

இன்னைக்கு ஒரு அமெரிக்கக் குக்கீ. ரெசிபியை ஒரே மூச்சுல சொல்லிடலாம். ஒரு பெட்டி கேக் மிக்ஸ், ஒரு டப்பா கூல் விப், ஒரு முட்டை. கலந்து, சின்னச் சின்ன உருண்டையாக்கி, பொடிச்ச சர்க்கரையில புரட்டி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்ல, அதாவது ஏறக்குறைய 180 செல்சியஸ்ல, 10லேருந்து 12 நிமிஷம். வெண்ணெய் வேண்டாம், பீட்டர் வேண்டாம். லெமன் மிக்ஸ் போட்டா லெமன் குக்கீ, சாக்லேட் போட்டா சாக்லேட் குக்கீ.

ஆனா பழைய ரெசிபியை அச்சு அசலா அப்படியே பண்ணினாலும், இப்போ பல பேருக்கு மாவு கையில ஒட்டுது, அவன்ல போனா அப்பளம் மாதிரி பரவுது. தப்பு அவங்க கையில இல்லை. பெட்டியில இருக்கு.

முதல்ல கூல் விப் என்னன்னு பார்த்துடுவோம். 1966-ல ஜெனரல் ஃபுட்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. க்ரீமை அடிச்சு நுரைக்க வைக்கிற வேலையை ஃபேக்டரியிலேயே முடிச்சு, உறைய வெச்சு விக்கிறாங்க. உள்ளே பெரும்பகுதி தண்ணீர், எண்ணெய்க் கொழுப்பு, இனிப்பு. வழக்கமா கேக் மிக்ஸ்ல நாம ஊத்துற எண்ணெய், தண்ணீர் ரெண்டோட வேலையையும் இங்கே இதுவே பார்த்துடுது. தண்ணீர் அளவு கம்மிங்கிறதால கேக் மாவா ஓடாம, உளுந்து மாவு மாதிரி கெட்டியா, பிசுபிசுன்னு நிக்குது. கலக்கும்போது நுரை கொஞ்சம் அடங்கும், பரவாயில்லை.

இப்போ பெட்டிக்கு வருவோம். முன்னாடி கேக் மிக்ஸ் 18.25 அவுன்ஸ் இருந்தது, 517 கிராம். அப்புறம் 15.25 ஆச்சு. இப்போ சில பிராண்டுகள்ல 13.25, வெறும் 375 கிராம். கூல் விப் டப்பா மட்டும் அதே 8 அவுன்ஸ், 226 கிராம். கணக்குப் போடுங்க: அன்னைக்கு 100 கிராம் மிக்ஸுக்கு 44 கிராம் க்ரீம், இன்னைக்கு 60. குக்கீ பரவாம என்ன செய்யும்? “ஒரு பெட்டி”ங்கிறதை அளவா எழுதி வெச்ச பாட்டியோட ரெசிபியை, கம்பெனி சத்தமில்லாம திருத்திடுச்சு. விலை ஏறினா கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது, அதுதான் எரிச்சல்.

அதனால எடை போடுங்க. மிக்ஸ் எவ்வளவோ அதுல பாதி எடைக்குக் க்ரீம். 375 கிராம் பெட்டின்னா 190 கிராம் போதும். முட்டையைப் பாதியாக்க முடியாது, சின்னதா ஒண்ணு எடுத்துக்கோங்க. கலந்ததும் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சா உருட்ட சுலபம். வெளிப்பக்கம் முதல்ல காய்ஞ்சு, உள்ளே உப்பும்போது மேலே வெடிப்பு விழும். சர்க்கரை வெள்ளைக்கு நடுவுல அந்தக் கோடுகள்தான் இதோட அழகு. நடு கொஞ்சம் மெத்துன்னு இருக்கும்போதே எடுத்து, ரெண்டு நிமிஷம் தட்டுலயே விட்டுடுங்க.

முட்டைன்னதும் ஒரு கதை சொல்லுவாங்க. 1950-கள்ல மிக்ஸ் சரியா விக்கல, எர்னஸ்ட் டிக்டர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் “பெண்கள் கையால ஒரு முட்டை சேர்க்கட்டும், குற்ற உணர்ச்சி போயிடும்”னு சொன்னார், விற்பனை பிச்சுக்கிச்சுன்னு. மார்க்கெட்டிங் வகுப்புல இதைக் கேட்காதவங்க இருக்க மாட்டீங்க. எனக்கு நம்பிக்கை இல்லை. பிட்ஸ்பர்க்ல டஃப் கம்பெனி 1930-கள்லயே புது முட்டை சேர்க்கிற மிக்ஸுக்குப் பேடன்ட் கேட்டிருந்தது. உலர்ந்த முட்டைத் தூளைவிடப் புது முட்டையில கேக் நல்லா வரும். இதுக்கு மனோதத்துவம் எதுக்கு?

ஒண்ணே ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். மாவை நக்கிப் பார்க்காதீங்க. முட்டை மட்டும் காரணமில்லை, மிக்ஸ்ல இருக்கிற மாவும் பச்சை மாவுதான். 2021-ல அமெரிக்காவுல கேக் மிக்ஸ் மூலமா ஈ.கோலை தொற்று 12 மாநிலங்கள்ல 16 பேருக்கு வந்தது. அதுல பெரும்பாலானவங்க குழந்தைங்க.

சென்னையில பண்ணப் போறவங்களுக்கு: இங்கே கிடைக்கிற நான்-டெய்ரி விப்பிங் க்ரீம் பெரும்பாலும் திரவமா வரும். அதை முதல்ல கெட்டியா நுரைக்க அடிச்சுட்டு, அப்புறம் தராசுல வைங்க. கப் அளவை மட்டும் நம்பாதீங்க. நுரைச்சது ரெண்டு மூணு மடங்கு உப்பி நிக்கும்.